தங்கிப் போனவர் பற்றி நாலு வரி

நாள் வாடகைக்கு வீடு விடுபவர், தங்கிச் சென்ற விருந்தினரைப் பற்றி எழுதும் மதிப்புரை அடுத்த வீட்டுக்காரருக்கானது. தங்கியவர் போய்விட்டார். உடைந்தது உடைந்ததுதான். எழுதுவதால் எழுதியவருக்கு ஒரு ரூபாயும் வரப்போவதில்லை. ஆனால் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இன்னொரு வீட்டுக்காரர் அதே பெயரில் வந்த முன்பதிவை ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது, முன்பின் தெரியாத அந்த ஆளைப் பற்றி அவருக்குக் கிடைக்கக்கூடிய நம்பகமான தகவல் அந்த நாலு வரிதான். இது தெரிந்தும், சிரமம் கொடுத்த விருந்தினரைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதப் பலர் தயங்குகிறார்கள். தயக்கத்துக்கான காரணங்களில் சில நியாயமானவை. மற்றவை, தன் தலைச்சுமையை அடுத்தவர் தலைக்கு மாற்றிவிடுபவை.

குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. கோபி, பெருந்துறை, அவிநாசி என எந்தப் பக்கம் போனாலும் தறியும் பனியன் கம்பெனியும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் வட்டாரம் இது. இங்கே ஒருவர் தன் தோட்டத்து வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு பார்க்க வரும் பையிங் ஆபீஸ் ஆள்கள், நிட்டிங் மெஷின் பொருத்த வரும் மெக்கானிக்குகள், முகூர்த்த நாளில் வரும் கல்யாண வீட்டார், சனி ஞாயிறு தோப்பில் இருந்துவிட்டுப் போக நினைக்கும் கோவை இளைஞர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வரக்கூடும். ஒவ்வொரு தரப்பும் கொடுக்கும் சிரமம் ஒவ்வொரு விதம். கல்யாண வீட்டார் ஆறு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினாறு பேராக வந்து இறங்குவார்கள். சென்னிமலை பெட்ஷீட்டில் மஞ்சளும் மருதாணியும் ஏறியிருக்கும். வேலையாக வந்தவர் ஒரு நாள் என்று சொல்லி மூன்று நாள் இருந்துவிட்டு, பில்லைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளச் சொல்வார். இளைஞர் கூட்டம் நள்ளிரவில் குடித்துவிட்டுக் கிணற்றில் குதிக்கப் போகும். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை இணைய வணிகத்தோடு வந்தது. 1995-இல் தொடங்கிய ஈபே, விற்பவரும் வாங்குபவரும் பரஸ்பரம் கருத்து எழுத வழி செய்தது. யார் முதலில் எழுதினாலும் அது உடனே தெரிந்துவிடும் என்பதால், குறை எழுதியவருக்கு மறுநாளே குறை திரும்பி வந்தது. பயத்தில் எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்தார்கள். 2008-இல் ஈபே ஒரு கடுமையான முடிவுக்கு வந்தது: வாங்குபவரைப் பற்றி விற்பவர் இனி எதிர்மறையாக எழுதவே முடியாது. பழிவாங்கல் நின்றது, கூடவே விற்பவரின் வாயும் அடைபட்டது.

அதே 2008-இல் தொடங்கிய, வீடுகளை நாள் வாடகைக்குப் பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி, 2014-இல் வேறு வழியை எடுத்தது. விருந்தினர் வெளியேறிய 14 நாளுக்குள் இரு தரப்பும் எழுதலாம். இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கழியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. வெளிவந்த பிறகு திருத்தவும் முடியாது. ஆகவே, நான் எழுதினால் அவரும் எழுதிவிடுவார் என்ற பயத்துக்கு இந்தத் தளத்தில் பெரிய அடிப்படை இல்லை. இந்த மாற்றத்தைச் சோதனையாகச் செய்து பார்த்ததை ஆண்ட்ரே ஃபிராட்கின், எலெனா கிரேவால், டேவிட் ஹோல்ட்ஸ் மூவரும் ஆராய்ந்து எழுதினார்கள். பழிவாங்கல் குறைந்தது, எழுதுவோர் எண்ணிக்கை, குறிப்பாக வீட்டுக்காரர் தரப்பில், கூடியது. ஆனாலும் மதிப்பெண்களின் சராசரி பெரிதாக இறங்கவில்லை. பயத்தை எடுத்துவிட்ட பிறகும் தாட்சண்யம் மிஞ்சுகிறது. முகம் பார்த்துப் பேசி, காபி கொடுத்து, ஊர் பேர் கேட்டுப் பழகியவரைப் பற்றிக் குறை எழுதக் கை வராது. ஜார்ஜியோஸ் ஜெர்வாஸ், டேவிட் புரோசெர்பியோ, ஜான் பயர்ஸ் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பியின் ஏறத்தாழ 95 சதவீத வீடுகள் நாலரை அல்லது ஐந்து ஸ்டார் பெற்றிருந்தன. எல்லாரும் முதல் வகுப்பில் தேறிவிட்டால் அந்தத் தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது.

கொங்கு வட்டாரத்தில் இந்தத் தாட்சண்யத்துக்கு இன்னும் ஒரு முடிச்சு உண்டு. தங்க வந்தவர் யாரோ ஒருவர் சொல்லி வந்தவராக இருப்பார். விசாரித்தால் மச்சான் முறை வரும், அல்லது சொந்தக்காரரின் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் பையரின் ஆளாக இருப்பார். சரக்கின் தரம் பார்க்க வந்த ஒரு க்யூ.சி. பற்றி எழுதும் இரண்டு வரி, உறவினரின் ஷிப்மென்ட்டைத் தொட்டுவிடுமோ என்ற கவலை வீண் கவலை அல்ல.

இந்தக் கவலை பின்னலாடைத் தொழிலுக்கு மிகப் பழக்கமானது. வாங்குபவர் பெரியவர், செய்து கொடுப்பவர் சிறியவர் என்றால், சிறியவர் பெரியவரைப் பற்றி வாய் திறக்க மாட்டார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு என்றும் சொல்கிறது. புகார் பதிவு செய்ய 2017-இல் சமாதான் இணையதளமும் வந்தது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பில் நிலுவையில் நிற்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரர் புகார் எழுதுமுன் பலமுறை யோசிக்கிறார். புகார் எழுதினால் அந்தப் பார்ட்டியின் அடுத்த ஆர்டர் வராது. உலக அளவில் இதே சிக்கலுக்கு விடை தேடித்தான் மார்ஷா டிக்சனும் டக் கானும் அமெரிக்காவில் பெட்டர் பையிங் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். துணி தைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள், தங்களிடம் வாங்கும் பிராண்டுகளின் நடத்தைக்குப் பெயர் வெளித் தெரியாமல் மதிப்பெண் தரலாம். கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றுவது, பணத்தைத் தாமதிப்பது, விலையை அடித்துக் குறைப்பது எல்லாம் அதில் பதிவாகும். பல சப்ளையர்கள் சேர்ந்து சொல்லும்போது யார் சொன்னது என்று தெரியாமல் காக்க முடியும். ஒரு வீட்டில் ஒரு விருந்தினர் தங்கிப் போன விஷயத்தில் அந்த மறைவுக்கு வழியில்லை. எழுதினால், பெயரோடுதான் எழுத வேண்டும். இந்தச் சங்கடத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பெயரோடு எழுதுவதில்தான் அதன் நேர்மையும் இருக்கிறது.

எழுத்தில் சொல்லாதவர்கள் எதுவும் சொல்லாமல் இருந்துவிடுவதில்லை என்பதே காரணம். திருப்பூரில் ‘பார்ட்டி எப்படி?’ என்று போனில் கேட்பது தொழிலின் அன்றாடம். அதே பழக்கம் வாடகை வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ரிவ்யூவில் ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் ஆதார் அட்டையின் படத்தோடு ‘இவனுக்குக் கொடுக்காதீங்க’ என்று போடுவது எல்லா வகையிலும் மோசமான வழி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது தெரியாது, பதில் சொல்ல இடமில்லை, சொன்னவருக்குப் பொறுப்பும் இல்லை. குழுவிலிருந்து குழுவுக்குப் போகும்போது ஒன்பது பேர் தொண்ணூறு பேராகிவிடுவார்கள். தங்குவதற்காகக் கொடுத்த அடையாள அட்டையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, தகவல் கொடுத்தவரின் சம்மதத்தையும் கொடுத்த நோக்கத்தையும் அடிப்படையாக வைக்கும் 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பொருந்தாது. வாய்ச்சொல் தனி ஆளை விட்டுக் கூட்டத்தின் மேல் பாயும்போது என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து திருப்பூரின் மெஷின்களை ஓட்டுபவர்களிடையே பீதி கிளம்பியது. காவல்துறையும் அரசும் இறங்கி மறுக்க வேண்டியதாயிற்று.

வெளிப்படையான மதிப்புரை இதற்கு நேர்மாறானது. சம்பந்தப்பட்டவர் அதைப் படிக்கலாம், அதன் கீழேயே பதில் எழுதலாம், எழுதியவர் யார் என்பதும் தெரியும். குறை சொல்வதென்றால், சொல்லப்பட்டவரின் காதில் விழும்படி சொல்வதுதான் அவருக்கும் நியாயம்.

அடுத்து வருவது, எது குறை என்ற கேள்வி. இதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு தெளிவான வழக்கு இருக்கிறது. 2019 ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டை அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஓர் அறையில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள் என்பதும், இன்னோர் அறையில் மதுப்புட்டிகள் இருந்தன என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த நடவடிக்கையை ஏற்கவில்லை. வயது வந்த இருவர் திருமணம் ஆகாமல் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, தனிநபர் குறிப்பிட்ட அளவு மது வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டு விதிகளே அனுமதிக்கின்றன என்று கூறிச் சீலை அகற்ற உத்தரவிட்டார்.

தங்க வந்தவர் யார், யாரோடு வந்தார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம், என்ன மொழி பேசினார், என்ன உடுத்தினார் என்பவை எதுவும் மதிப்புரையில் இடம்பெறத் தகுந்தவை அல்ல என்பதை அந்தத் தீர்ப்பின் போக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு என்ன செய்தார், அக்கம்பக்கத்துக்கு என்ன செய்தார், முன்கூட்டியே சொன்ன விதியில் எதை மீறினார் என்பவை மட்டுமே பேசத் தக்கவை. மது கூடாது என்று வீட்டு விதி எழுதியிருந்து, விருந்தினர் அதை ஏற்றுக்கொண்டு பதிவு செய்திருந்தால், மீறல் குறைதான். எழுதாத விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, போன பிறகு குறை எழுதுவது அநியாயம்.

அடையாளம் எவ்வளவு பலமாக வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்க ஆய்வுகள் சாட்சி. பெஞ்சமின் எடல்மேன், மைக்கேல் லூக்கா, டான் ஸ்விர்ஸ்கி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவை எல்லாம் ஒன்றாக இருக்கப் பெயரை மட்டும் மாற்றி ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கறுப்பின மக்களிடையே வழங்கும் பெயர்களுக்குச் சம்மதம் 16 சதவீதம் குறைவாகக் கிடைத்தது. ருவோமெங் சுய், ஜுன் லி, டென்னிஸ் ஜாங் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடுத்த படி. விருந்தினரைப் பற்றி எந்த மதிப்புரையும் இல்லாதபோது சுமார் 19 சதவீதப் புள்ளிகளாக இருந்த இடைவெளி, ஒரே ஒரு நல்ல மதிப்புரை சேர்ந்ததும் காணாமல் போனது. அவ்வளவு நன்றாக இல்லாத மதிப்புரைகூட அந்தப் பாகுபாட்டைக் குறைத்தது. ‘நான் சுத்தமானவன், இனிமையானவன்’ என்று விருந்தினர் தாமே எழுதிக்கொண்டது குறைக்கவில்லை. முன்பு வீடு கொடுத்த ஒருவரின் நேரடிச் சொல் இருந்தால், பெயரையும் நிறத்தையும் பார்த்து ஊகிக்கும் தேவை குறைகிறது. பீகாரிலிருந்து வரும் ஒரு மெஷின் மெக்கானிக்குக்குக் குன்னத்தூரில் கிடைக்கும் நேர்மையான மதிப்புரை, ஒரு சிறு குறையோடு இருந்தாலும், அடுத்த ஊரில் கதவைத் திறக்க உதவக்கூடும்.

குறையின் எடையைப் பார்க்கும்போது மூன்று விதமாகப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு உதவும். கழுவாத தட்டு, அணைக்காத மின்விசிறி, ஒரு மணி நேரம் தாமதமாகக் காலி செய்தது போன்றவை தொழிலில் சகஜம். தளத்தில் விருந்தினருக்கு மட்டும் போகும் தனிக்குறிப்பு எழுத இடம் உண்டு. அங்கே சொன்னால் போதும். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆள் வந்தது, சத்தத்தை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது, உடைத்ததை மறைத்துவிட்டுப் போனது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் மரியாதையில்லாமல் பேசியது ஆகியவை எழுதப்பட வேண்டியவை. கடைசியாகச் சொன்னதைப் பல வீட்டுக்காரர்கள் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பெட்ஷீட் கறையைவிட அது பெரிய குறை. மூன்றாவது வகை ஆபத்து: குடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவது, தோப்பில் தீ மூட்டுவது, மிரட்டுவது, சண்டைக்கு ஆள் கூட்டுவது. இவற்றில் எழுதலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. தளத்துக்குப் புகார், தேவைப்பட்டால் காவல் நிலையம், பிறகு மதிப்புரை என்ற வரிசையில் மூன்றும் நடக்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஓரிண்டா நகரில் நடந்தது ஓர் எச்சரிக்கை. 2019 அக்டோபர் 31 இரவு, ஏர்பிஎன்பி வழியாக எடுக்கப்பட்ட ஒரு வீட்டில் நடந்த பெருங்கூட்ட விருந்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து 5 பேர் இறந்தார்கள். காட்டுத்தீப் புகையால் மூச்சுத் திணறும் ஆஸ்துமா நோயாளிகள் உள்ள குடும்பம் என்று சொல்லி அந்த வீடு எடுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு விருந்து வீடுகளுக்குத் தடை அறிவித்த அந்நிறுவனம், 2020 ஆகஸ்டில் உலகம் முழுவதும் விருந்துகளைத் தடை செய்து, 2022-இல் அதை நிரந்தரமாக்கியது. பொய்க் காரணம் சொல்லி வீடு எடுப்பவரைத் தடுக்க மென்பொருள் ஓரளவு உதவும். முன்பு வீடு கொடுத்தவர்கள் உண்மையை எழுதி வைத்திருப்பது அதைவிட நேரடியான உதவி.

எழுதும் முன் வீட்டுக்காரர் தன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். போர்வெல் மோட்டார் ரிப்பேராகித் தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளில் குளியலறை அழுக்காக இருந்தது என்று விருந்தினரைக் குறை சொல்வது பொருந்தாது. ஆள் கணக்கு, இரவு சத்தத்துக்கான நேரம், கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பது எல்லாம் பதிவு செய்யும் பக்கத்திலும் சுவரிலும், தமிழிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் இந்தியிலும் எழுதப்பட்டிருந்தனவா? தவறு நடந்துகொண்டிருந்தபோதே விருந்தினரிடம் சொல்லப்பட்டதா? சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லாமல் சிரித்து வழியனுப்பிவிட்டு, பத்தாம் நாள் குறை எழுதுவதைத்தான் விருந்தினர்கள் துரோகமாக நினைக்கிறார்கள்; அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. சாவி வாங்கும்போதே, ‘இதை ரிவ்யூவில் குறிப்பிடுவோம்’ என்று முகத்துக்கு நேரே மரியாதையோடு சொல்லிவிடுவது கடினமானது என்றாலும் சரியான வழி.

எழுதும் மொழி சாட்சி சொல்வதாக இருக்க வேண்டும், தீர்ப்புச் சொல்வதாக இருக்கக் கூடாது. ‘மோசமான ஆள்கள், யாரும் வீடு கொடுக்காதீர்கள்’ என்பதிலிருந்து அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. ‘6 பேருக்குப் பதிவு செய்து 14 பேர் தங்கினார்கள். இரவு 11 மணிக்குப் பிறகு பாட்டை நிறுத்தும்படி இருமுறை கேட்டோம். 1 மணிக்கு நின்றது. வாடகையை ஒழுங்காகக் கொடுத்தார்கள், காலையில் மன்னிப்பும் கேட்டார்கள்’ என்பதில் எல்லாம் இருக்கிறது. சிறிய அறை விடும் ஒருவர் இதைப் படித்துவிட்டு மறுக்கலாம். ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் பெரிய பண்ணை வீடு வைத்திருப்பவர், ஆள் கணக்கை மட்டும் உறுதி செய்துகொண்டு ஏற்கலாம். கடைசி வாக்கியத்தில் உள்ள நல்லதை விட்டுவிடாமல் எழுதுவது தயவு அல்ல, அதுவும் உண்மையின் பகுதி. ஸ்டாரும் எழுத்தும் பொருந்த வேண்டும். ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு எழுத்தில் ஜாடையாகக் குத்துவது படிப்பவரைக் குழப்பும்.

சட்டமும் இந்த எழுத்து முறையைத்தான் காக்கிறது. அவதூறு இந்தியாவில் இன்னும் குற்றம்; அதைக் குற்றமாக வைத்திருப்பது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் இருக்கிறது. பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மைக்கும், தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதற்கும் அதில் விதிவிலக்குகள் உண்டு. ‘திருடர்கள்’ என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் எழுதியவர் மேல் விழும். ‘அவர்கள் புறப்பட்ட பிறகு 2 பெட்ஷீட்டும் ஒரு கெட்டிலும் காணவில்லை, கேட்டதற்குப் பதில் வரவில்லை’ என்பது நடந்ததைச் சொல்கிறது. நேரத்தோடு எடுத்த புகைப்படம், விருந்தினருக்குத் தளத்தின் வழியே அனுப்பிய செய்தி ஆகியவற்றை வைத்திருப்பது அவசியம்.

பணத்தையும் மதிப்புரையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக் கூடாது. ‘ஐயாயிரம் கொடுத்தால் நல்லபடியாக எழுதுகிறேன்’ என்பது மிரட்டல். தள விதிகள் இரு தரப்புக்கும் அதைத் தடை செய்கின்றன. சேதத்துக்கான கோரிக்கையை ஏர்பிஎன்பியில் விருந்தினர் வெளியேறிய 14 நாளுக்குள் தனியே பதிவு செய்ய வேண்டும். பணம் வந்துவிட்டால் மதிப்புரையில் அதையும் சேர்க்கலாம்: சேதம் ஆனது, கேட்டதும் கொடுத்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி குறைவு. எழுதுவதற்கும் அதே 14 நாள் அவகாசம் இருப்பதால், கோபம் இருக்கும் முதல் இரவில் எழுதாமல், சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு வெளியிடுவது நல்லது.

படிக்கும் வீட்டுக்காரருக்கும் பொறுப்பு இருக்கிறது. ஒருவரைப் பற்றி முன்பு எப்போதோ ஒரு குறையும், அதன் பின் தொடர்ந்து நல்ல சொல்லும் இருந்தால், அந்தக் குறையை வைத்து மறுப்பது நேர்மையாக எழுதியவருக்கும் செய்யும் அநியாயம். இப்படி மறுப்பதால்தான் குறை எழுதவே பலர் அஞ்சுகிறார்கள். விருந்தினர் கீழே எழுதிய பதிலையும் படிக்க வேண்டும். ஒரே குறை இரண்டு மூன்று வீடுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது பழக்கம். ஒருமுறை வந்தது அந்த நாளின் கோளாறாகவும் இருக்கலாம். விருந்தினரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

எல்லா விருந்தினரும் ஏர்பிஎன்பி வழியாக வருவதும் இல்லை. தெரிந்தவர் சொல்லி, போனில் பேசி, ஜீபேயில் அட்வான்ஸ் போட்டு வருபவருக்கு மதிப்புரை எழுத இடமே இல்லை. புக்கிங்.காம் போன்ற தளத்தில் விருந்தினரின் தவறான நடத்தையை நிறுவனத்திடம் புகார் செய்ய முடியும். நேரடியாக வருபவர்களிடம் ஆள் கணக்கும் விதியும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி, திருப்பித் தரும் டெபாசிட் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் வழி. வெளிநாட்டு பையர் தங்கினால், அவரைப் பற்றி எவ்வளவு நல்ல மதிப்புரை இருந்தாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தைக் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் அனுப்பியாக வேண்டும். நேரடியாக வந்து போன ஒருவரைப் பற்றி இன்னொரு வீட்டுக்காரர் போனில் விசாரித்தால், விருந்தினரின் முகத்துக்கு நேரே எதைச் சொல்லியிருந்தாரோ அதை மட்டும், தேதியோடும் கணக்கோடும் சொல்லலாம்.